எடுத்த இடத்தில் வைத்த சீசா

விளக்கெண்ணெய்ச் சீசாவின் தக்கையைப் பிடுங்கியபோது வாடை வேறாக இருந்தது என் மூக்குக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? ஏழு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள், தெரியவே இல்லை என்று உறுதியாகத் தோன்றுகிறது. சில நாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கை அப்படியே நின்றுவிடுகிறது. தெரிந்திருந்தது, தெரிந்தும் ஊற்றினேன் என்று தோன்றுகிறது. நடந்ததை வரிசையாக எழுதினால் ஏதாவது ஓரிடத்தில் பிடிபடும் என்று நினைத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு திருச்சுழியில். நான் பிறந்தது பாலவனத்தத்தில், கிறிஸ்தவக் குடும்பத்தில். மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியைப் பயிற்சியும் முடித்து, கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். என் கணவர் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். அஸ்ஸாம் மலைப் பாதைகளில் மூன்று வருஷம் லாரியும் ஜீப்பும் ஓட்டிவிட்டு வந்தார். வந்த மறு வருஷம், பட்டாளம் கழித்துப் போட்ட ஜீப்பு ஒன்றை மதுரையில் ஏலம் எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் வண்டி. கதவு கிடையாது. எனக்கு அப்போது மகள் வயிற்றில் ஆறு மாதம்.

இந்தப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்கு, வெட்ட வெட்ட ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ள எண்ணெய் எஞ்சின் தேவைப்படும். சக்கரம் வைத்த ஒரு மேடையில் எஞ்சினை ஏற்றி, ஜீப்பின் பின்னால் மாட்டி, பாதையே இல்லாத கரிசல் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவார். அதுதான் எங்கள் பிழைப்பு. காட்டுக்குள் போகிற வண்டி வாரத்துக்கு ஒரு சீக்கோடு திரும்பி வரும். அருப்புக்கோட்டையில் பஸ்ஸு பழுது பார்க்கிறவர்கள் இந்த வண்டியைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் எல்லாப் பழுதும் எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் உடைமரத்து நிழலில்தான்.

வண்டியோடு ஒரு புத்தகம் வந்தது. இங்கிலீஷில் அச்சிட்டது. பாகங்களின் பெயரெல்லாம் என் கணவருக்கு அத்துப்படி. வாக்கியமாக இருந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை இருந்தது. முதல் கட்டத்தில் குறை, இரண்டாவதில் காரணம், மூன்றாவதில் செய்ய வேண்டியது. எனக்கு அந்த அட்டவணை மிகவும் பிடிக்கும். பிள்ளை வளர்ப்புக்கும் இப்படி ஒன்று அச்சடித்துக் கொடுத்தால் எவ்வளவு நிம்மதி என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு நாங்கள் எவ்வளவோ சரி செய்திருக்கிறோம். மத்தியான வெயிலில் வண்டி நின்று நின்று போனது. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிறது என்று படித்துச் சொன்னேன். மகளின் பழைய இடுப்புத் துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார், ஓடியது. கரிசல் தூசி காற்றுச் சல்லடையை அடைத்துக்கொண்டது. என் மாவு சலிக்கிற துணி பெட்ரோல் வடிகட்டப் போனது. எண்ணெய் ஊற்றுகிற புனல் போனது. கரண்டி ஒன்று போய், கிரீஸ் அப்பி, திரும்பவே இல்லை.

அப்போதுதான் நான் சட்டம் போட்டேன். எங்கள் விடுதியில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் எழுதியிருந்த சட்டம் அது. அடுக்களை அலமாரிக் கதவின் உட்புறம் சாக்குக்கட்டியால், வகுப்பில் எழுதுகிற எழுத்தில் எழுதினேன்: "எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவும்."

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "பட்டாளத்துல சுபேதார் இருந்தாரு. வீட்டுல வாத்திச்சி. எனக்கு எப்பத்தான் விடுதல?"

"சிரிங்க. ஆனா புனல் எங்க?"

"வண்டிக்குள்ள இருக்கும். தேடி வைக்கிறேன் சுபேதார்."

ஆனால் அன்றிலிருந்து வைத்தார். அதைச் சொல்லியாக வேண்டும். துடைத்துக் கொண்டுவந்து, எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில், பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்க வைப்பார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை, வண்டியின் பிரேக்கு மிதி தரை மட்டும் இறங்கிவிட்டது. இந்த வண்டியில் மிதியை அழுத்தினால், மெல்லிய குழாய் வழியாக ஒரு எண்ணெய் போய்ச் சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பரைத் தள்ளி, அதுதான் சக்கரத்தைப் பிடிக்கும். ரப்பர் தேய்ந்து அந்த எண்ணெய் கசிந்திருந்தது. ரப்பர் கைவசம் இருந்தது. எண்ணெய் டின்தான் காலி. மதுரைக் கடையில் அடுத்த வாரம் வரும் என்றார்கள். மல்லாங்கிணறு பக்கம் ஒரு கிணற்றில் ஆட்கள் இவருக்காகக் காத்திருந்தார்கள்.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு, படி" என்றார்.

படித்தேன். எஞ்சின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டுக்கூட அதில் படக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அவர் காலி டின்னைக் குலுக்கிப் பார்த்தார். "அஸ்ஸாமுல டின் வராதப்ப விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் சரிபாதி கலந்து ஊத்துவோம். நாலு நாளைக்குத் தாங்கும். விளக்கெண்ணெய் இருக்கா?"

இருந்தது. மகளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை பேதிக்குக் கொடுக்க என் மாமியார் ஊரிலிருந்து ஆட்டிக் கொடுத்து அனுப்பிய எண்ணெய். மருந்துச் சீசா ஒன்றில் அரைக்கு மேல் இருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இந்தக் கையால் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மதுவிலக்கு வந்த பிறகு ஸ்பிரிட் லேசில் கிடைப்பதில்லை. மரச் சாமானுக்கு மெருகு போடுகிற ஆசாரி ஒருவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் வாங்கி வந்தார்.

பிரேக்குக் குழாயிலிருந்து காற்றை எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு திருகைத் திறந்து மூட வேண்டும். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

"மிதி... பிடி... இப்ப விடு. மிதி... பிடி... விடு."

அடுத்த வீட்டுக்காரி வேலி மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மாட்டு வண்டி ஓட்டுகிறவர். ஜீப்பு வந்த நாள் முதல் அவளுக்கு எங்கள் மேல் ஒரு கேலி உண்டு.

"டீச்சரு, எந்த ஊருக்குப் பயணம்? அரை நாளா மிதிக்கிறீக, வண்டி நகரக் காணமே."

"காத்து எடுக்கிறோம்."

"காத்து எடுக்கிறீகளா. எங்க மாடெல்லாம் தானாவே எடுத்துரும்."

வண்டிக்கு அடியில் என் கணவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். அவள் சீசாவைப் பார்த்துவிட்டு, "விளக்கெண்ணெயா? அப்ப ஒங்க வண்டியும் எங்க வண்டியும் ஒரே சாதிதான். எங்க அச்சுக்கும் அதான் ஊத்துறோம்" என்றாள்.

அப்போது உள்ளே மகள் விழித்துக்கொண்டு அழுதாள். நான் இறங்கிப் போய்விட்டேன். மீதி வேலையைத் தன் வண்டிக்கார நண்பர் ஒருவரை மிதிக்கச் சொல்லி அவர் முடித்தார். நான் உள்ளே போன பிறகு என்ன நடந்தது என்பதை மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் ஒரு தகர டப்பாவில் கொஞ்சமாகக் கலந்திருந்தார்; அது போதவில்லை. டப்பாவில் அளவு தெரியவில்லை என்று, மீதி இருந்த ஸ்பிரிட்டைச் சீசாவுக்குள்ளேயே எண்ணெய் மட்டத்துக்குச் சரியாக ஊற்றிக் குலுக்கிவிட்டார். தேவையானது போக மிச்சம் இருந்ததைத் தக்கையால் மூடி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, உள்ளே வந்து, அலமாரியில், எடுத்த இடத்தில் வைத்தார்.

அன்று இரவு சாப்பிடும்போது இதைச் சொல்லியிருந்தாராம். "சொன்னேன்னுதான் நினைக்கிறேன்" என்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை. மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை காலை, மகளுக்கு ஒன்றரை வயது முடிய நாலு நாள் இருந்தது. இரண்டு நாளாக அவளுக்கு மலம் கட்டியிருந்தது. மாமியார் சொல்லியபடி செய்கிறவள் நான். மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமையைத் தவறவிட்டதில்லை. சங்கைக் கழுவித் துடைத்தேன். சீசாவை எடுத்தேன். தக்கையைப் பிடுங்கினேன்.

இந்த இடத்தில்தான் என் ஞாபகம் வழுக்குகிறது. அப்போதெல்லாம் எங்கள் வீடு முழுக்கவே வண்டி வாடைதான். அவர் சட்டையில் பெட்ரோல், தின்னும் சோற்றில்கூட மண்ணெண்ணெய் இருப்பதுபோல் ஒரு பிரமை. ஸ்பிரிட் வாடை மூன்று நாளாக அவர் கையை விட்டுப் போகவில்லை. அதனால் சீசாவிலிருந்து அந்த வாடை வந்திருந்தாலும், அது சீசாவிலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்கிறேன்.

ஆனால் இன்னொன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. விளக்கெண்ணெய் சங்கில் விழும்போது கனத்து, நூல்போல நீண்டு இறங்கும். அன்று அப்படி இறங்கவில்லை. தண்ணீர்போல ஓடி விழுந்தது. சித்திரை வெயிலுக்கு இளகியிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது உறுதி, ஏனென்றால் அந்த வார்த்தையே என் மனதில் இருக்கிறது: இளகியிருக்கிறது. இளகியிருக்கிறது என்று காரணம் தேடியவள், சந்தேகப்பட்டிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

காலுக்கிடையில் மகளை இடுக்கி, மூக்கைப் பிடித்து, சங்கைச் சாய்த்தேன். திமிறினாள். இருமினாள். பாதி என் தோளில் துப்பினாள். எப்போதும் துப்புகிறவள்தான். முகம் சிவந்தது. எப்போதும் சிவக்கிறதுதான். வாயைத் துடைத்து இறக்கிவிட்டேன். அவள் அழுத அழுகை மட்டும் வேறாக இருந்தது; தொண்டையில் ஏதோ எரிவதுபோல நாக்கை வெளியே நீட்டி நீட்டி அழுதாள்.

வெளியே அவர் அன்று காலையிலிருந்தே முன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மிதி மறுபடியும் இறங்கியிருந்தது. அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"இந்தா, அந்தச் சீசாவ எடுத்துட்டு வா. கொஞ்சம் ஊத்தணும்."

"எந்தச் சீசா?"

"அதான், விளக்கெண்ணெய்ச் சீசா. ஸ்பிரிட்டு கலந்து வச்சேன்ல."

நான் சங்கைக் கையில் வைத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். முதலில் சங்கைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொடுத்துட்டியா?"

தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பட்டாளத்துக் கதைகள் எத்தனையோ சொல்லியிருக்கிறார், எதிலும் பயந்ததாகச் சொன்னதில்லை. பயந்தால் இந்த முகம்தான் இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில், அவ்வளவு அவசரத்திலும், எனக்குத் தோன்றியது.

திருச்சுழியில் வைத்தியம் பார்க்கிறவர் அன்று ஊரில் இல்லை. அருப்புக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். பத்து மைலுக்குக் குறையாது. காலை பஸ்ஸு போய்விட்டது. ஜீப்பு மூன்று சக்கரத்தில் நின்றது.

அவர் ஓடிப்போய்ச் சக்கரத்தை மாட்டத் தொடங்கினார். முறுக்கிக்கொண்டே சொன்னார். "சீசாவக் கொண்டா. பிள்ளைய அடுத்த வீட்டுல குடு. நீ ஏறி மிதி. பத்து நிமிசத்துல காத்த எடுத்துருவேன்."

சீசாவில் இரண்டு விரல் உயரம்தான் இருந்தது. கொண்டு வந்தேன். நீட்டவும் செய்தேன். பிறகு கையை இழுத்துக்கொண்டேன்.

"இத ஊத்திட்டா டாக்டரு எதப் பாப்பாரு?"

"வாயால சொல்வோம்."

"என்ன ஸ்பிரிட்டுன்னு கேட்டா?"

அவருக்குத் தெரியாது. ஆசாரியிடம் வாங்கியது, அவ்வளவுதான்.

"பிரேக்கு இல்லாமயா போறது? நடுவுல கண்மாய்க் கரை இறக்கம் இருக்கு" என்றார்.

"கை பிரேக்கு இருக்குல்ல. நான் இழுக்கிறேன்."

நான் அப்படிப் பேசியதே எனக்கு ஆச்சரியம். எந்தச் சேலை கட்டுவது என்பதற்கு இரண்டு தடவை யோசிக்கிறவள் நான். அவர் சக்கரத்தின் கடைசி நட்டை முறுக்கிவிட்டு, "ஏறு" என்றார்.

அடுத்த வீட்டுக்காரி வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். விஷயம் அவளுக்குப் புரிந்திருந்தது. ஒரு கேலியும் பேசவில்லை. மகளைத் தூக்கி என் மடியில் வைத்து, தன் முந்தானையால் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டினாள். அவள் சேலையில் பாதியைக் கிழித்துத்தான் கட்டினாள் என்பதை அருப்புக்கோட்டை போய் அவிழ்க்கும்போதுதான் பார்த்தேன்.

இந்த வண்டியில் கை பிரேக்கு நடுவில், முன் பலகையில் இருக்கிறது. வலது கையில் மகள், இடது கையில் அந்தப் பிடி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் சீசா. அவர் கியரை இறக்கி இறக்கி வண்டியை அடக்கினார். அடங்காத இடத்தில் "இழு" என்பார். இழுப்பேன். "பிடி... பிடி... இப்ப விடு." புதன்கிழமை சிரித்துக்கொண்டே சொன்ன அதே வார்த்தைகள். மகளின் தலை என் தோளில் கனத்துக்கொண்டே வந்தது. தூங்க விடக் கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. ஜெபம் செய்ய நினைத்தேன், வார்த்தை வரவில்லை. அவள் காதில் அ, ஆ, இ, ஈ என்று வகுப்பில் சொல்வதுபோல் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஔ வந்ததும் மறுபடியும் அ.

கண்மாய்க் கரை இறக்கத்தில், கீழே பாலத்தை அடைத்துக்கொண்டு செம்மறி ஆடுகள். அவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆடுகள் ஹாரனுக்கு ஒதுங்குகிற பிராணி இல்லை.

"இழு."

இழுத்தேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. அடியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. இதை மட்டும் என் மூக்கு நன்றாகப் பிடித்தது.

"இன்னும் இழு புள்ள."

காலை முன் பலகையில் உதைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். அவர் ஸ்டியரிங்கை ஒடித்துக் கரை மண்ணில் உரசவிட்டார். ஒரு ஆட்டின் முதுகுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

ஆட்டுக்காரர் கம்பை ஓங்கிக்கொண்டு வந்தார். "ஏலே, கண்ணு பொட்டையா? வண்டி வாங்குனவன் கண்ணு வாங்கலையா?" அப்புறம் என் மடியில் கிடந்த மகளைப் பார்த்தார். கம்பை இறக்கினார். ஆடுகளை அடித்து விலக்கிக்கொண்டே, "போ, போ, நேர போ" என்று மட்டும் சொன்னார்.

அருப்புக்கோட்டையில் டாக்டர் சீசாவை வாங்கி முகர்ந்தார். விரலில் ஒரு சொட்டுத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுத் தீக்குச்சி காட்டினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எவ்வளவும்மா கொடுத்தீங்க?"

"ஒரு சங்கு."

"எவ்வளவு உள்ள போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தானே பார்த்திருக்க வேண்டும் நான். அவர் குனிந்து என் தோளில் காய்ந்திருந்த கறையை முகர்ந்தார். ரவிக்கை, சேலைத் தலைப்பு எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்தார். "பாதிக்கு மேல உங்க சேலைதான் குடிச்சிருக்கு" என்றார்.

வயிற்றைக் கழுவினார்கள். அதை நான் எழுத மாட்டேன். சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள், உள்ளங்காலைக் கிள்ளி விழிக்க வைக்கச் சொன்னார்கள், செய்தேன். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். "உயிருக்குப் பயம் இல்ல. ஆனா மெருகு போடுற ஸ்பிரிட்டுல குடிக்கக் கூடாதுன்னு ஒரு விஷம் கலந்திருப்பாங்க. அது கண்ணைப் பிடிக்கும். ரெண்டு மூணு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும். சீசாவக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. இல்லன்னா வெறும் எண்ணெய்தானேன்னு விட்டிருப்பேன்."

ஆட்டுக்காரர் கண்ணைப் பற்றிச் சொன்ன வார்த்தை எங்கள் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் கேட்டிருக்க வேண்டும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, இன்று வரை.

அந்த இரண்டு நாளும் மகள் கண் முன்னால் நான் ஆட்டாத பொருள் இல்லை. வளையல், கரண்டி, சாவிக் கொத்து. கையை நீட்டுவாள். ஆனால் சத்தம் கேட்டு நீட்டுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வரும். சத்தமில்லாமல் துணியை ஆட்டுவேன். காற்று பட்டுத் திரும்பினாளோ என்று தோன்றும். டாக்டரே சலித்துப்போய், "பிள்ளைய விடுங்கம்மா, அவளே சொல்லுவா" என்றார்.

மூன்றாம் நாள் காலை அவளைத் தரையில் உட்கார்த்தியிருந்தோம். சுவரோரம் போன ஒரு சித்தெறும்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, அதைப் பிடிக்கப் போனாள். எறும்பு திரும்பியது. அவள் விரலும் திரும்பியது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவரும் எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு புதுச் சேலை எடுத்துக் கொடுத்தோம். "கிழிச்சது பழசு, கிடைச்சது புதுசு, அடிக்கடி கூப்பிடுங்க" என்றாள். ஆனால் உட்கார்ந்து பேசும்போது ஒன்று சொன்னாள். அவர்கள் வீட்டில் அச்சுக்கு ஊற்றுகிற எண்ணெயை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார்களாம். குழாயும் வண்டியும் ஒன்றாகவே போகும், ஒன்றாகவே வரும். தீர்ந்துபோனாலும் அந்தக் குழாய் வீட்டுப் படி ஏறாதாம். "வண்டிக்குப் போனது வண்டிக்குத்தான் டீச்சரு. வீட்டுக்குள்ள வரலாமா?" என்றாள். அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்போலச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் இருந்த வழக்கம் அது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தது நேர் எதிரான சட்டம். அவர் அந்தச் சட்டத்தை மீறியிருந்தால், முன்பெல்லாம் செய்ததுபோல் சீசாவை வண்டிக்குள்ளேயே போட்டுவிட்டிருந்தால், ஒன்றும் நடந்திருக்காது.

அந்த எழுத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் ஏன் அழித்தாய் என்று கேட்பார்.

அவர் மாறிவிட்டார். எஞ்சின் மேடையில் ஒரு பெட்டி செய்து, வண்டிச் சாமானை எல்லாம் அதில் வைத்துப் பூட்டுகிறார். அது நல்லதுதான். ஆனால் அலமாரிப் பக்கமே வருவதில்லை. தண்ணீர் வேண்டுமானாலும் வாசற்படியில் நின்று கேட்கிறார். வேலை முடிந்து வந்தால் சீயக்காய் போட்டு மூன்று தடவை கை கழுவுகிறார். மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்; அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, முகத்தால் மட்டும் அவளோடு விளையாடுகிறார். அவளுக்கு அது ஒரு புது விளையாட்டு. என்னால் பார்க்க முடியவில்லை.

யார் வந்து விசாரித்தாலும் அவரே முந்திக்கொண்டு சொல்கிறார். "தப்பு என்னோடது. அவளுக்கு எப்படித் தெரியும்? விளக்கெண்ணெய் வாடையில வேற எந்த வாடையும் தெரியாது. நானே மோந்து பாத்தேன், தெரியல." அவர் முகர்ந்து பார்க்கவில்லை. சீசா டாக்டரிடமே இருந்துவிட்டது. எனக்காகச் சொல்கிற பொய் அது. அவர் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் காப்பி கொண்டுவர எழுந்து போகிறேன்.

எண்ணெய் தண்ணீராக ஓடியதைப் பார்த்தேன் என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னால், தப்பில் பாதி என்னோடது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒருவேளை மகளை மறுபடியும் கையால் தூக்குவார். அப்படியும் நடக்கலாம். அல்லது, பார்த்தும் ஊற்றியவளிடமா பிள்ளையை விட்டுவிட்டு நான் காட்டுக்குப் போகிறேன் என்று ஒவ்வொரு நாளும் வண்டியில் உட்கார்ந்து நினைப்பார். எது நடக்கும் என்று அந்தப் புத்தகத்தின் அட்டவணையில் பார்க்க முடியாது. குறை தெரிகிறது. காரணத்தில் எதை எழுதுவது என்றே தெரியாதபோது, மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவேன்?

இதை நான் எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வருகிறது. அவர் படங்களை மட்டும் பார்ப்பார். என்றாலும் ஒருநாள் படித்துவிடக்கூடும். படித்துவிட்டால் நல்லதுதான் என்று இதை எழுதத் தொடங்கும்போது நினைத்தேன், இப்போது அது கோழைத்தனம் என்று தோன்றுகிறது. சொல்வதானால் நேரில் நின்று சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கிற தாய்மார்களில் யாராவது, தன் கை தவறியதை, வேறொருவர் தன் தலையில் போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்போது சொன்னீர்களா, சொல்லாமல் இருந்தீர்களா? சொன்ன பிறகு வீடு எப்படி இருந்தது? நிச்சயமாகத் தெரியாத ஒன்றை, தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொள்வது நியாயமா என்றும் சொல்லுங்கள். மாமியார் வருகிற மாதம் புது விளக்கெண்ணெயோடு வருகிறார். அதற்கு முன் நான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததை ஒரு கார்டில் இரண்டு வரி எழுதினாலும் போதும்.